பெரியபட்டினத்து வீட்டின் அஸ்திவாரம்: 6 லட்சம் ஆகுமா, 45 ஆயிரத்தில் முடியுமா?

கேள்வி சுருக்கமாக இது. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில், கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரத்தில், 1994-இல் வாப்பா கட்டிய வீடு. சுமார் 1,000 சதுர அடி, ஒரே தளம், கருங்கல் அஸ்திவாரம், அதன்மேல் பெல்ட் கான்கிரீட் (சுவருக்கு அடியில் சுற்றிலும் ஓடும், கம்பி வைத்த கான்கிரீட் பட்டை), செங்கல் சுவர். வெளிச்சுவரில் தரையிலிருந்து இரண்டு முழ உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உதிர்கிறது. மேற்குப் பக்கம் பிற்பாடு சேர்த்துக் கட்டிய பாத்ரூமுக்குப் பக்கத்தில், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். மேலே அகலம், கீழே போகப்போக ஒடுக்கம். அதே பக்கம் பெல்ட்டில் துருக்கறை தெரிகிறது. காண்ட்ராக்டர் ஒருவர் "அஸ்திவாரமே போச்சு, சுற்றிலும் புதுசாகக் கொடுக்கணும், 6 லட்சம்" என்கிறார். ஊர்க் கொத்தனார் "உதிர்ந்ததைத் தட்டிவிட்டுக் கெமிக்கல் கலந்து பூசி, மூணு அடிக்கு டைல்ஸ் ஒட்டினால் போதும், 45 ஆயிரம்" என்கிறார். கேட்டவர் சவூதியில், தம்மாமில் இருக்கிறார், வீட்டில் உம்மா மட்டும்.

தம்பி, முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது 2 லட்சத்திலிருந்து 3 லட்சத்துக்குள் முடிய வேண்டிய வேலை. அந்த 45 ஆயிரம் இரண்டு மழைக்காலம் தாண்டாது. அந்த 6 லட்சத்தில் பெரும்பகுதி, பழுதே இல்லாத இடத்தில் மண்ணுக்குள் போகும். இரண்டு பேருமே மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் விலை சொல்லியிருக்கிறார்கள். குழி வெட்டிப் பார்க்காமல் அஸ்திவாரத்துக்கு விலை சொல்கிறவர் யாராக இருந்தாலும், அவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒரே சுவரில் சேர்ந்து தெரிகின்றன. அடியில் பூச்சு உதிர்வது உப்பு. ஜன்னல் மூலை விரிசல் மண் இறங்கியது. பெல்ட்டில் துரு என்பது கம்பி. மூன்றுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு. ஒன்றாகப் போட்டுக் குழப்பினால்தான் ஒருவருக்கு 45 ஆயிரமாகவும் இன்னொருவருக்கு 6 லட்சமாகவும் தெரியும்.

முதலில் மண். வீட்டு அஸ்திவாரம் பற்றி இணையத்தில் படிப்பதில் பாதி கரிசல் மண்ணுக்கு எழுதியது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் அது பொருந்தும்; அங்கே மழையில் மண் உப்பும், கோடையில் வெடிக்கும், வீடும் கூடவே ஆடும். தேவிபட்டினம், திருப்பாலைக்குடிப் பக்கம் களியும் சேறும் கலந்து வருகிற இடங்கள் உண்டு, அது இன்னொரு கதை. கீழக்கரையிலிருந்து பெரியபட்டினம், உச்சிப்புளி வழியாக மண்டபம் வரை கரையோரம் பெரும்பாலும் மணல். மணல் கெட்ட மண் இல்லை. பாரம் ஏற ஏற, கட்டும்போதே இறங்க வேண்டிய அளவு இறங்கி நின்றுவிடும். முப்பது வருஷம் நின்ற ஒரு தளத்து வீடு, மணல்மேல் தானாகத் திடீரென்று இறங்காது. இறங்கினால் யாரோ, ஏதோ ஒன்று அடியிலிருந்து மணலை எடுத்திருக்க வேண்டும்.

மணலை எடுப்பது தண்ணீர்தான். பாத்ரூம் குழாயில் கசிவு, செப்டிக் டேங்கில் விரிசல், மாடித் தண்ணீர் சுவரோரமாகவே ஒரே இடத்தில் கொட்டுவது, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் அஸ்திவாரத்தைவிட ஆழமாக வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டியது. உங்கள் விரிசல் பாத்ரூம் பக்கத்தில், மேலே அகலமாக இருக்கிறது. சுவரின் ஓரம் கீழே போகும்போது விரிசல் மேலேதான் வாய் பிளக்கும். அதனால் அந்த மேற்கு மூலைதான் இறங்கியிருக்கிறது, மற்ற பக்கம் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன். பழைய சுவரும் புதுப் பாத்ரூம் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக இன்னொரு பிளவு இருந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம். பழையதும் புதியதும் வெவ்வேறு அளவில் இறங்கியதால் பிரிந்த இணைப்பு அது. அதேபோல மேல் தளத்துக்கு ஒட்டினாற்போலச் சுவரில் படுக்கைக் கோடாக விரிசல் இருந்தால், அது வெயிலில் தளம் விரிவதால் வருவது. அதைக் காட்டி அஸ்திவாரத்துக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சரி, உறுதி செய்வது எப்படி? இரண்டு குழி வெட்டச் சொல்லுங்கள். ஒன்று விரிசல் இருக்கும் மூலையில், இன்னொன்று எதிர்ப்பக்கம் பழுதில்லாத மூலையில். இரண்டரை அடி அகலம், அஸ்திவாரக் கல்லின் அடி தெரியும் வரை ஆழம். மணல் சரியாமல் இருக்கப் பக்கத்துக்குப் பலகை கொடுக்க வேண்டும். இரண்டு ஆள், ஒரு நாள், 2,000 முதல் 3,000 ரூபாய். இந்த முழு வேலையிலும் இதைவிட லாபமான செலவு இல்லை. குழிக்குள் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: கல்லுக்கு அடியில் மணல் கெட்டியாக ஒட்டி நிற்கிறதா, இல்லை விரல் நுழையும் அளவுக்குப் பொந்து இருக்கிறதா, இரண்டு குழியிலும் ஈரம் ஒரே மாதிரி இருக்கிறதா, கல்லுக்கு நடுவில் இருக்கும் கலவை நகத்தால் கீறினால் மாவாகக் கொட்டுகிறதா.

குழி திறந்திருக்கும்போதே கசிவையும் பார்த்துவிடலாம். ராத்திரி படுக்கப் போகும்போது வெஸ்டர்ன் டாய்லெட் கோப்பையில் ஒரு பாட்டில் சொட்டு நீலத்தை ஊற்றி இரண்டு மூன்று தடவை பிளஷ் செய்யச் சொல்லுங்கள். காலையில் குழியில் ஊறி நிற்கும் தண்ணீரோ மணலோ நீலமாக இருந்தால் வேறு பரிசோதனை வேண்டாம். குடிதண்ணீர்க் குழாய்க்கு, மேல்தொட்டியின் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவைத்து, ராத்திரி முழுக்க யாரும் குழாயைத் திறக்காமல் இருந்து, விடிந்ததும் பார்த்தால் போதும். இரண்டையும் உம்மாவே வீடியோவில் உங்களுக்குக் காட்டிவிடலாம்.

விரிசல் இன்னும் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பது அடுத்த கேள்வி. நின்றுபோன விரிசலுக்கு அடியில் கான்கிரீட் கொடுப்பது வீண் செலவு. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் குறுக்கே பதித்து வையுங்கள். சுவர் ஒரு நூலளவு நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் வருஷ மழையில் பெரும்பகுதி அப்போதுதான் பெய்கிறது. விரிசலின் அகலம் 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து, மழைக்குப் பிறகும் மாறவில்லை என்றால், கசிவை அடைத்து, குறுக்கே கம்பி வைத்து விரிசலைத் தைத்துவிட்டால் போதும். கதவு நிலை கோணி, கதவு தரையில் உரசத் தொடங்கியிருந்தால் காத்திருக்க வேண்டாம்.

அடியில் பொந்து இருக்கிறது, மூலை இன்னும் இறங்குகிறது என்று வந்தால், பழைய அஸ்திவாரத்துக்குக் கீழே புதிதாகக் கான்கிரீட் கொடுக்க வேண்டும். இதன் விலையை நீங்களே கணக்குப் போடலாம். ஒரு தடவைக்கு 4 அடி நீளம்தான் தோண்ட வேண்டும். 3 அடி அகலம், 2 அடி கனம் என்று வைத்தால் 24 கன அடி. அதற்கு ஐந்தரை மூட்டை சிமெண்ட், 10 முதல் 12 கன அடி எம் சாண்ட், 20 கன அடி ஜல்லி. சிமெண்ட் மூட்டை 350 ரூபாய், எம் சாண்ட் கன அடி 60, ஜல்லி 45 என்று போட்டால் பொருள் மட்டும் 3,500-ஐத் தொடும். தோண்ட, பலகை கட்ட, கலவை போட, திரும்ப மூட என்று ஒரு கொத்தனார் நாளும் ஆறு ஆள் நாளும் பிடிக்கும். அது 5,500-க்குக் குறையாது. ஆக 4 அடிக்கு 9,000 முதல் 10,000. அடிக்கு ஏறக்குறைய 2,500. விலைகளை உங்கள் ஊர்க் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், அளவு மாறாது. உங்கள் மூலைக்கு 12 அடி போதும் என்பது என் கணிப்பு, அதாவது 30 ஆயிரம். காண்ட்ராக்டர் சுற்றளவு 130 அடியையும், உள்சுவர்களையும், தன் லாபத்தையும் சேர்த்தால் அவர் சொன்ன 6 லட்சம் வந்துவிடும். கணக்கில் தப்பில்லை. ஆனால் 12 அடி வேலைக்கு 130 அடி எதற்கு?

மணலில் இந்த வேலையைச் செய்யும்போது இரண்டு விஷயத்தில் உயிரே இருக்கிறது. ஒன்று, பக்கத்துப் பக்கத்துத் துண்டை ஒரே நேரத்தில் தோண்டக் கூடாது. முதல் 4 அடி, பிறகு மூன்றாவது 4 அடி, அவை இரண்டும் இறுகிய பிறகு நடுத்துண்டு. "ஜேசிபி வைத்து ஒரே நாளில் முடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் சுவரே உள்ளே இறங்கிவிடும், அதற்குக் கீழே ஆள் நிற்பார். இரண்டு, குழியில் தண்ணீர் ஊறினால் மோட்டார் போட்டு இறைக்கக் கூடாது. மோட்டார் தண்ணீரோடு பொடி மணலையும் சேர்த்து உறிஞ்சும். நீங்கள் ஒரு மூலையைச் சரிசெய்யப் போய்ப் பக்கத்துச் சுவரையும் இறக்கிவிடுவீர்கள். அதனால்தான் இந்த வேலையைச் சித்திரைக்கு மேல், ஆவணிக்குள், ஊற்று கீழே போயிருக்கும் நாளில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புதுக் கான்கிரீட்டைப் பழைய கல்லோடு ஒட்டி ஊற்றிவிட்டு மண்ணை மூடிவிடுவார்கள். கான்கிரீட் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், மேலே மயிரிழை இடைவெளி விடும், சுவர் அந்த இடைவெளிக்கு இறங்கும், விரிசல் திரும்ப வரும். பழைய கல்லுக்கும் புதுக் கான்கிரீட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று அங்குலம் விட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து, சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்று என்ற கலவையை, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்தில், கட்டையால் குத்திக் குத்தி இறுக்கி நிரப்ப வேண்டும். மண்ணை மூடுவதற்கு முன் அந்த இடத்தின் படம் உங்கள் போனுக்கு வந்தாக வேண்டும்.

இனி உப்பு. உங்கள் வீட்டில் அதிகப் பணம் கேட்கப்போவது இதுதான், ஆனால் அஸ்திவாரம் என்ற பெயரில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நிலத்து ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறுகிறது. நம் பக்கத்து நிலத்தடி நீரில் உப்பு இருக்கிறது. ஈரம் சுவரின் மேற்பரப்பில் காய்ந்ததும் உப்பு மட்டும் பூச்சுக்குப் பின்னால் தங்கிக் கட்டியாகிறது, கட்டி பெரிதாகப் பெரிதாகப் பூச்சைத் தள்ளிவிடுகிறது. சாவி முனையால் சுரண்டிப் பாருங்கள்: வெள்ளைப் பொடி வரும், பூச்சு வெல்லம்போல நொறுங்கும். உதிர்வது தரையிலிருந்து இரண்டு முழத்துக்குள் நின்றுவிடுகிறது என்றாலே ஏறி வரும் ஈரம் என்று அர்த்தம்.

வைத்தியத்துக்கு முன் ஒரு விஷயம் அளந்து சொல்லுங்கள். 1994-இல் வீட்டுத் தரைக்கும் வாசல் மண்ணுக்கும் எவ்வளவு உயரம் இருந்தது, இப்போது எவ்வளவு? தெருவில் சாலை போடப் போட உயர்ந்திருக்கும், மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க நாமும் மண் அடித்து முற்றத்தை உயர்த்தியிருப்போம். அந்த மண் பெல்ட்டைத் தாண்டிச் செங்கல்லைத் தொட்டுவிட்டால் ஈரம் பெல்ட் என்ற தடுப்பைச் சுற்றிக்கொண்டு நேராகச் சுவருக்குப் போகும். இங்கே பல வீடுகளில் முதல் வைத்தியம் மண்வெட்டிதான்: சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணை வெட்டிப் பெல்ட்டுக்குக் கீழே இறக்கி, அந்த இடத்தை ஜல்லி போட்டு விட்டுவிடுவது. முற்றம் முழுக்கச் சிமெண்ட் போட்டு மூடுவது பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் நிலத்து ஈரம் வேறு வழியில்லாமல் சுவரில் ஏறும். மாடித் தண்ணீர்க் குழாயைப் பத்தடி தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள்.

கொத்தனார் சொன்ன டைல்ஸ் ஏன் கூடாது என்பதும் இதில்தான் இருக்கிறது. டைல்ஸ் ஈரத்தை நிறுத்தாது, வெளியே விடாமல் பூட்டிவைக்கும். மூன்று அடிக்கு டைல்ஸ் ஒட்டினால் ஈரம் நான்காவது அடியில் தலைகாட்டும். உள்ளே செங்கல் அரிப்பது உங்கள் கண்ணுக்கும் தெரியாது.

சரியான முறை என்றால், ஈரம் தெரியும் மட்டத்துக்கு ஓர் அடி மேல் வரை பூச்சை முழுதாகத் தட்டி, செங்கல் இணைப்புக் கலவையை அரை அங்குலத்துக்கு மேல் சுரண்டி எடுத்து, காய்ந்த தூரிகையால் உப்பைத் தட்டிக் கூட்டி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். பிறகு ஓரிரு மாதம் வெறும் சுவராகவே காயவிட வேண்டும். உம்மாவுக்குப் பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும், பரவாயில்லை என்று சொல்லுங்கள். அதன்பின் சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவையில் பூச வேண்டும். சிமெண்டை அள்ளிப் போட்ட கெட்டிப் பூச்சு இந்தச் சுவருக்கு ஆகாது. பெல்ட்டுக்கு மேல் முதல் வரிசைச் செங்கல்லில் அரையடிக்கு ஒரு துளை வீதம் போட்டு, நீர் ஏறாமல் தடுக்கும் சிலேன் வகைத் திரவத்தை ஏற்றுவதும் நல்லதுதான். ஆனால் மண் மட்டத்தை இறக்காமல் அதைச் செய்தால் பயன் இல்லை.

செலவு: 130 அடி சுற்றளவு, 4 அடி உயரம், உள்ளும் வெளியும் என்றால் 1,040 சதுர அடி. தட்டிச் சுத்தம் செய்து பூச சதுர அடிக்கு 70 ரூபாய் என்று வைத்தால் 73 ஆயிரம். துளை போட்டுத் திரவம் ஏற்ற அடிக்கு 200 முதல் 300, அது இன்னொரு 26 முதல் 39 ஆயிரம்.

கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. அந்தக் காலத்துச் சுவர்கள் கடலில் எடுத்த பவளக்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அவை மூச்சு விடும் சுவர்கள். அவற்றின்மேல் சிமெண்ட் பூசினால் ஐந்தாறு வருஷத்தில் உள்ளே கல் கரையத் தொடங்கும். பழுதுபார்க்கச் சுண்ணாம்பே போடுங்கள். கல் தேவைப்பட்டால் செங்கல் வைத்துக்கொள்ளுங்கள். கடலில் பவளக்கல் எடுப்பது குற்றம், 2001-இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள்.

மூன்றாவது கம்பி. கருங்கல்லுக்குத் துருப்பிடிக்காது, அதனால் உங்கள் அஸ்திவாரக் கல் பத்திரமாகத்தான் இருக்கும். பெல்ட்டுக்குள் இருக்கும் கம்பிதான் கவலை. நம் கடற்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்பதற்குப் பாம்பன் போதும். 1914-இல் திறந்த ரயில் பாலத்தில், எவ்வளவோ பராமரித்தும், 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே போட்டிருக்கிறார்கள். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்கள் அரிப்பதைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பதும் சும்மா இல்லை.

துருக்கறை தெரியும் இடத்தில் பெல்ட்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். கணீரென்று கேட்டால் நல்ல கான்கிரீட். பொத்தென்று கேட்கும் இடத்தில் கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்துவிட்டது. அந்த இடத்தை உடைத்துக் கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் துரு ஏடு ஏடாக வரும். பளபளப்பு தெரிந்ததும் காலிப்பரால் (கனம் அளக்கும் கருவி) அளக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் கம்பி 9-ஆக மெலிந்திருந்தால், கால்பங்குதான் போயிற்று என்று தோன்றும், ஆனால் குறுக்குப் பரப்பில் 44 சதவீதம் போய்விட்டது. அங்கே பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்தே ஆக வேண்டும். துருத்தடுப்புப் பூச்சு, ஒட்டவைக்கும் பூச்சு, பிறகு மைக்ரோ கான்கிரீட் (பொடி ஜல்லியில் வரும் ரெடிமேட் கலவை) அல்லது பாலிமர் கலவை என்று வரிசையாகச் செய்ய அடிக்கு 1,500 முதல் 2,500 வரை ஆகும். மேற்குப் பக்கம் 30 அடி என்றால் 45 முதல் 75 ஆயிரம்.

"துரு தெரியும் இரண்டு அடியை மட்டும் பார்த்துவிட்டு விடலாமே" என்று தோன்றும். உப்பு ஊறிய கான்கிரீட்டில் அது எடுபடாது. ஒட்டுப்போட்ட இடம் நன்றாக இருக்கும், அதற்குப் பக்கத்துக் கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். புதுக் கலவைக்கும் பழைய உப்புக் கான்கிரீட்டுக்கும் நடுவில் மின்வேதி வித்தியாசம் உண்டாகிவிடுவதுதான் காரணம். அந்தச் சுவரின் பெல்ட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுதாகச் செய்யுங்கள், மற்ற மூன்று பக்கமும் சுத்தியல் சத்தம் நன்றாக இருந்தால் தொடாதீர்கள்.

இந்த எல்லா வேலையும் ஒரே விஷயத்தில் கெட்டுப்போகலாம்: கலக்கும் தண்ணீர். வீட்டுப் போர்வெல்லிலிருந்து ஹோஸ் இழுத்துக் கலவையில் விடுவதுதான் வழக்கம். கம்பிக் கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு, அதாவது கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்புச் சத்து, லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதி. கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை விடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை சிமெண்ட், 180 லிட்டர் தண்ணீர். உங்கள் போர்வெல் தண்ணீரில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் இருந்தால் 540 கிராம் குளோரைடு உள்ளே போகிறது. கம்பிக் கான்கிரீட்டில் மணல், ஜல்லி, சிமெண்ட், தண்ணீர் எல்லாம் சேர்ந்தே ஒரு கன மீட்டருக்கு 600 கிராமைத் தாண்டக் கூடாது. தண்ணீரே அதில் ஏறக்குறைய முழுவதையும் தின்றுவிட்டது. நாக்கில் வைத்தால் கரிக்கிற தண்ணீரைக் கம்பி இருக்கும் கலவைக்கு விடவே விடாதீர்கள். உங்கள் முழு வேலைக்கும் கலக்கத் தேவைப்படுவது ஆயிரம், இரண்டாயிரம் லிட்டர்தான். நல்ல தண்ணீர் லாரி ஒன்று வாங்கிச் சின்டெக்ஸ் தொட்டியில் விட்டுவைத்தால் நனைக்கவும் அதுவே ஆகும். 2 லட்சம் செலவு செய்கிற இடத்தில் அந்த ஒன்றிரண்டாயிரத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது.

கடற்கரை மணலைக் கலவையில் சேர்க்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் நல்ல எம் சாண்டையும் ஜல்லியையும் வெறும் மணல் தரையில் கொட்டிவிட்டு அடி வரை வழித்துப் போடுவார்கள். கீழே தார்ப்பாய் விரிக்கச் சொல்லுங்கள். கம்பியை வேலைக்கு முந்தின வாரம் வாங்குங்கள், மாசக்கணக்கில் தெருவில் போட்டுவைக்காதீர்கள். கடைக்காரர் "கடற்கரைக்கு இதுதான்" என்று சல்பேட் தாங்கும் சிமெண்டை எடுத்துக் கொடுப்பார். நம் பிரச்சினை பெரும்பாலும் குளோரைடு, அதற்கு அந்தச் சிமெண்ட் உகந்ததல்ல. இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்ட், அதாவது பி.எஸ்.சி., கிடைத்தால் அதை வாங்குங்கள்.

எல்லாவற்றையும் கூட்டினால்: பூச்சு 73 ஆயிரம், ஈரத்தடுப்பு 33 ஆயிரம், மேற்கு மூலைக்கு அடிக்கான்கிரீட் 30 ஆயிரம், பெல்ட் 60 ஆயிரம், பாத்ரூம் குழாயும் செப்டிக் டேங்கும் சரிசெய்ய 30 ஆயிரம், குழி வெட்டுவதற்கும் ஒரு பொறியாளர் வந்து பார்த்து எழுதித் தருவதற்கும் 10 ஆயிரம். 2 லட்சத்து 36 ஆயிரம். பழைய வீட்டைத் திறந்தால் எதிர்பாராதது ஒன்று வரும், அதற்கு மேலே 50 ஆயிரம் ஒதுக்கி வையுங்கள். கையில் பணம் குறைவாக இருந்தால் முதலில் கசிவு, மண்மட்டம், மாடித் தண்ணீர், அடுத்து மூலை, அடுத்து பெல்ட், கடைசியில்தான் பூச்சு. பூச்சு உதிர்ந்த சுவர் இன்னும் ஒரு வருஷம் நிற்கும். பொந்து விழுந்த மூலை நிற்குமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

எப்போது இடித்துக் கட்டலாம் என்று கேட்பீர்கள். சதுர அடிக்கு 2,000 முதல் 2,500 என்றால் புது வீடு 20 லட்சத்துக்கு மேல். பழுதுச் செலவு அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலோ, மேல் தளக் கம்பியும் போயிருந்தாலோ யோசிக்கலாம். அதற்கும் முன்னால், கடல் ஏற்ற மட்டத்திலிருந்து 500 மீட்டருக்குள் மனை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. இருக்கும் வீட்டை அதன் அளவுக்குள் பழுதுபார்ப்பது வேறு, இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவது வேறு. இடித்த பிறகு அனுமதிக்கு அலைய வேண்டாம். மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் மட்டும் மண் பரிசோதனை செய்யுங்கள், பழுதுக்கு மட்டும் என்றால் அந்தக் குழிகளே போதும்.

காண்ட்ராக்டரிடம் மொத்தத் தொகை பேசாதீர்கள். அடிக்கான்கிரீட் அடிக்கு இவ்வளவு, பெல்ட் அடிக்கு இவ்வளவு, பூச்சு சதுர அடிக்கு இவ்வளவு என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கி, முடிந்த அளவை அளந்து பணம் கொடுங்கள். முன்பணம் கால்பங்குக்கு மேல் வேண்டாம். உம்மாவைக் கணக்குக் கேட்கவும் கலவை பார்க்கவும் விடாதீர்கள், ஆட்கள் அவரை எளிதாகச் சமாளித்துவிடுவார்கள். கான்கிரீட் போடும் நாட்களில் மட்டும் மாமாவோ மச்சானோ காலையிலிருந்து கூட நிற்கட்டும். மூட்டை எண்ண, லாரித் தண்ணீர்தான் போகிறதா என்று பார்க்க, மூடுமுன் படம் எடுக்க.

முதலில் அந்த இரண்டு குழிகளையும் வெட்டச் சொல்லுங்கள். குழியின் ஆழம், கல்லின் அடியில் பொந்து எத்தனை அங்குலம், பெல்ட்டில் பொத்தென்று கேட்ட இடம் எத்தனை அடி, இந்த மூன்றையும் எழுதுங்கள். அடிக்கணக்கைத் திருத்தி உங்கள் வீட்டுக்கு ஆகும் தொகையைச் சொல்கிறேன்.